பழைய புத்தகத்தைச் செதுக்குவது எப்படி: பேப்பர் கடைத் தராசிலிருந்து கண்ணாடிப் பெட்டி வரை

என் மேசையில் இப்போது கிடப்பது ஓர் ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தின் உதிரித் தொகுதி. கெட்டி அட்டை, 400 சொச்சம் பக்கம். ஆங்கிலத்தில் 'சி' எழுத்தில் தொடங்கும் தலைப்புகள் மட்டும் இருக்கும் தொகுதி அது. மற்ற தொகுதிகள் எங்கே போயின என்று தெரியாது. பழைய பேப்பர் கடையில் நாளிதழ்க் கட்டுகளுக்கு நடுவே இது மட்டும் தனியாகக் கிடந்தது. கடைக்காரர் தராசில் வைத்துத்தான் விலை சொன்னார். நான் எடுக்காமல் விட்டிருந்தால் அடுத்த லோடில் கூழ் ஆலைக்குப் போயிருக்கும்.

மூன்று வாரமாக மாலை நேரங்களில் இதைச் செதுக்கி வருகிறேன். அட்டையில் வெட்டிய சாளரம் வழியாகப் பார்த்தால் மேலே ஓர் ஒட்டகம் நிற்கிறது. அதன் காலடியில், கிட்டத்தட்ட 90 பக்க ஆழத்தில், கடிகாரத்தின் பற்சக்கரங்கள். இன்னும் கீழே, விளக்கைச் சாய்த்தால்தான் தெரிகிற ஒரு நண்டு. எதையும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவில்லை. ஒவ்வொன்றும் அச்சான இடத்திலேயே இருக்கிறது. சுற்றியிருந்த தாளை மட்டும் எடுத்திருக்கிறேன். ஒட்டகத்தையும் கடிகாரத்தையும் நண்டையும் அக்கம்பக்கத்தில் குடிவைத்தது ஆங்கில அகரவரிசை.

இந்த முறைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கக் கலைஞர் பிரையன் டெட்மர். புத்தகத்தின் ஓரங்களை அடைத்துவிட்டு, முன்பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாக வெட்டி உள்ளே இறங்குவார். எதையும் இடம் மாற்றுவதில்லை, சேர்ப்பதும் இல்லை. கனடாவின் கீ லராமே கலைக்களஞ்சியங்களை மலையாகவும் பள்ளத்தாக்காகவும் குடைகிறார். பிரிட்டனின் சூ பிளாக்வெல் தாள்களிலிருந்து உருவங்களை வெட்டி, திறந்த புத்தகத்தின் மேலேயே நிற்கவைக்கிறார். 2011 மார்ச்சில் எடின்பரோவில் இருக்கும் ஸ்காட்லாந்து கவிதை நூலகத்தில் யாரோ ஒருவர், ஒரு புத்தகத்தின் மேல் முளைத்த காகித மரத்தைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார். அந்த ஆண்டு முழுக்க நகரத்தின் நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் இப்படி வெவ்வேறு சிற்பங்கள் முளைத்துக்கொண்டே இருந்தன. நூலகங்களுக்கு ஆதரவாக என்ற குறிப்பு அவற்றோடு இருந்தது, செய்தவர் பெயர் இல்லை.

இங்கே நான் சொல்லப்போவது டெட்மர் வழியில், மூடிய புத்தகத்தைக் குடைந்து இறங்கும் முறை. பொறுமை கேட்கும் வேலைதான். ஆனால் ஓவியம் வரையத் தெரியாதவர்களுக்கும் கைகூடும், ஏனென்றால் படங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன.

எந்தப் புத்தகத்தை வெட்டலாம், எதை வெட்டவே கூடாது

முதலில் இதைப் பேசிவிட வேண்டும். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். சரஸ்வதி பூஜை அன்று புத்தகத்தை அடுக்கிச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டால், எடுத்துப் படிக்கக்கூட மறுநாள் வரை காத்திருப்போம். 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அந்த நினைவு இன்னும் ஆறவில்லை. அதனால் புத்தகத்தின் மேல் கத்தியை வைக்கும்போது கை தயங்குவது நியாயம். அந்தத் தயக்கத்தை விட்டுவிடாதீர்கள், அதுதான் சரியான புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க உதவும்.

நான் வைத்திருக்கும் விதி இதுதான்: இந்தப் பிரதி போனால் அதில் உள்ள எழுத்து உலகத்தில் வேறு எங்கேயும் இருக்காதோ என்று துளி சந்தேகம் வந்தாலும் வெட்டக் கூடாது. பழைய தமிழ் நூல் என்றால் இந்தச் சந்தேகம் நிறையவே வரவேண்டும். குஜிலிப் பதிப்புகள் (சந்தையில் மலிவாக விற்ற சிறு நூல்கள்), ஊர்த் தலபுராணங்கள், சித்த மருத்துவச் சிறு நூல்கள், சாதிச் சங்க மலர்கள், நாடகப் பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் மிகக் குறைவாக அச்சானவை, பெரும்பாலும் மறுபதிப்பு காணாதவை. வீட்டில் அப்படி ஏதாவது கிடைத்தால் தமிழ் மின்னூலகத்தின் தளத்தில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேளுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த தொகுப்பை வைத்து 1994இல் தொடங்கப்பட்ட நூலகம் அது. அவர் சேர்த்தவற்றில் பெரும்பகுதி, மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியவை. இலங்கைத் தமிழ் நூல் என்றால் 'நூலகம்' என்ற மின்னூலகத் தளத்தில் பார்க்கலாம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்த தொகுப்புகள் எத்தனையோ வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. கல்கியில் ஓவியர் மணியம் படங்களோடு வந்த தொடர்களை இப்படித்தான் பாட்டிமார்கள் காப்பாற்றி வைத்தார்கள். புத்தகமாக வந்த பதிப்புகளில் அந்தப் படங்கள் எல்லாம் இருப்பதில்லை. படம் நிறைய இருக்கிறதே என்று ஆசைப்பட்டு அவற்றில் கை வைக்காதீர்கள். ஒரு பாட்டி கத்தரிக்கோலும் கோந்தும் வைத்துச் செய்த வேலை அது, அப்படியே இருக்கட்டும்.

சரி, எதைத்தான் வெட்டலாம்? காலாவதியான சட்டத் தீர்ப்புத் தொகுதிகள், பழைய வருமானவரிக் கையேடுகள், தொலைபேசி டைரக்டரிகள், மாறிப்போன பாடத்திட்டத்தின் நோட்ஸ்கள், தொகுதி கலைந்த ஆங்கிலக் கலைக்களஞ்சியங்கள். கடைசியாகச் சொன்னதுதான் சுரங்கம். பிரிட்டானிக்காவே 2012இல் அச்சுப் பதிப்பை நிறுத்திவிட்டது. முழுச் செட்டாக இருந்தால் ஏதாவது ஒரு கிராமத்துப் பள்ளி நூலகம் வாங்கிக்கொள்ளுமா என்று முதலில் கேளுங்கள். ஒற்றைத் தொகுதியாகக் கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

தேடும் இடத்துக்குப் பஞ்சமில்லை. சென்னையில் பழைய மூர் மார்க்கெட் 1985இல் எரிந்த பிறகும் அந்தப் பக்கத்தில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை திருவல்லிக்கேணி நடைபாதை, கோவை என்றால் உக்கடம். ஆனால் இந்தக் கலைக்கு நல்ல புத்தகங்கள் கிடைப்பது புத்தகக் கடையைவிடப் பழைய பேப்பர் கடையில்தான். அங்கே கிடப்பவை ஏற்கெனவே கூழுக்குப் போகும் வழியில் இருப்பவை, மனசும் உறுத்தாது.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

முதலில் முதுகைப் பாருங்கள். மேலிருந்து முதுகுப் பகுதியை உற்றுப் பார்த்தால், தாள்கள் சின்னச் சின்னக் கட்டுகளாக மடித்து நூலால் தைக்கப்பட்டிருக்கின்றனவா, அல்லது வெறும் கோந்தில் ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்று தெரியும். தையல் பைண்டிங்தான் வேண்டும். கோந்து பைண்டிங் புத்தகம் பாதி வேலையில் முதுகு விட்டுப்போகும்.

அடுத்தது தாள். ஒரு பக்கத்தின் மூலையை முன்னுக்கும் பின்னுக்குமாக இரண்டு முறை மடித்துப் பாருங்கள். அப்பளம் மாதிரி ஒடிந்தால் வைத்துவிடுங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து வெகுகாலம் வரை மரக்கூழ்த் தாளைப் படிகாரமும் ரோசின் என்ற மரப்பிசினும் சேர்த்துச் செய்தார்கள். அதில் தங்கிய அமிலம் தாளை உள்ளிருந்தே தின்றுவிடுகிறது. அப்படிப்பட்ட தாளில் மெல்லிய வேலை நிற்காது. 70, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேப்லித்தோ, அதாவது பூச்சில்லாத சாதாரண அச்சுத் தாள்தான் செதுக்க இதமானது. ஆர்ட் பேப்பரில் படம் பளிச்சென்று இருக்கும், வெட்டும் ஓரமும் கூர்மையாக வரும். ஆனால் அதன் மேல் களிமண் பூச்சு இருப்பதால் பிளேடு சீக்கிரம் மழுங்கும், புத்தகமும் கல் மாதிரி கனக்கும்.

பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பது மூன்றாவது வேலை. இராமபாணம் துளைத்த ஓட்டைகள், கரையான் மண், முதுகு ஓரத்தில் மாவு போல உதிரும் தூள் இருந்தால் சந்தேகப்படுங்கள். புத்தகம் ரொம்பப் பிடித்துப்போனால் பிளாஸ்டிக் கவரில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்கக் கூடாது. முழுக்க அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள், இல்லாவிட்டால் தாளில் ஈரம் கோத்துக்கொள்ளும். பூஞ்சை வாடை அடிக்கும் புத்தகத்தைத் தொடவே வேண்டாம். வெட்டும்போது அந்தத் தூள் முழுக்க உங்கள் மூக்குக்குத்தான் வரும்.

ஓர் எச்சரிக்கை. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் புத்தகங்களில் பளபளப்பான பச்சைத் துணி அட்டை போட்டவை சிலவற்றில் ஆர்செனிக் கலந்த சாயம் இருக்கிறது. அமெரிக்காவின் விண்டர்தர் அருங்காட்சியகம் 2019 முதல் இதைத் தனித் திட்டமாகவே ஆராய்ந்துவருகிறது. பழைய பங்களாக்களில் இருந்து வரும் புத்தகங்களில் அந்த மாதிரிப் பச்சை அட்டை தென்பட்டால் வெட்டவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம்.

கருவிகள்

அதிகம் தேவையில்லை. சர்ஜிக்கல் கடையில் 3ஆம் எண் கைப்பிடியும் 11ஆம் எண் பிளேடும் கேளுங்கள். 11 என்பது நேரான, நுனி கூரான பிளேடு. அட்டையை வெட்ட, ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் சாதாரணப் பேப்பர் கட்டர். நகைப்பட்டறையில் வைத்திருப்பது போன்ற நுனி வளைந்த சாமணம் ஒன்று, நேரானது ஒன்று. இரும்பு ஸ்கேல், கட்டிங் மேட், மெல்லிய தூரிகை, ஃபெவிகால், சி கிளாம்ப் இரண்டு, புத்தகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பிளைவுட் பலகை இரண்டு, பட்டர் பேப்பர். ஒட்டுவதற்கு ஊதுபத்திக் குச்சி போதும், கடையில் விற்கும் எந்த ஊசிமுனைக் குழாயையும்விட அது நன்றாக வேலை செய்கிறது.

இவற்றோடு ஒரு பழைய எக்ஸ்ரே பிலிம். இதை விசிட்டிங் கார்டு அளவிலும், இரண்டு விரல் அகலத்திலும் துண்டுகளாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். வெட்டும் தாளுக்கு அடியில் இதைச் சொருகினால் கத்தி அடுத்த தாளைத் தொடாது. என் கருவிப் பெட்டியில் எது தொலைந்தாலும் சமாளித்துவிடுவேன், இந்தப் பிலிம் துண்டுகள் இல்லாமல் உட்காரமாட்டேன்.

தேய்ந்த பிளேடுகளைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள். மூடியில் துளை போட்ட தகர டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் டேப் சுற்றி, மேலே 'பிளேடு' என்று எழுதித் தனியாகக் கொடுங்கள். குப்பையைப் பிரிப்பவர் கையால்தான் பிரிக்கிறார்.

அடைப்பதற்கு முன் ஒரு வரைபடம்

ஓரங்களைக் கோந்தால் அடைத்த பிறகு புத்தகத்தைப் புரட்ட முடியாது. அதனால் அதற்கு முன் ஒரு முழு நாளைப் புரட்டுவதற்கே ஒதுக்குங்கள். ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போங்கள்: பக்க எண், என்ன படம், பக்கத்தின் எந்த இடத்தில், எவ்வளவு பெரிது. "பக்கம் 37, ஒட்டகம், மேலே வலது, 6 செ.மீ." என்பது போல.

இங்கே புதிதாகத் தொடங்குபவர்கள் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. முன்னட்டையிலிருந்து கீழே இறங்கும்போது உங்களை நோக்கி மேலே பார்ப்பது ஒவ்வொரு தாளின் முன்பக்கம் மட்டும்தான், அதாவது ஒற்றைப்படை எண் பக்கங்கள். இரட்டைப்படைப் பக்கங்களில் எவ்வளவு நல்ல படம் இருந்தாலும் அது குப்புறப் படுத்திருக்கும். அதனால் பட்டியலை ஒற்றைப்படைப் பக்கங்களுக்கு மட்டும் போடுங்கள். இரட்டைப்படைப் பக்கங்கள்தான் வளமாக இருக்கின்றன என்றால், புத்தகத்தைத் திருப்பிப் போட்டுப் பின்னட்டையிலிருந்து இறங்கலாம். என் தொகுதியில் முழுப்பக்க முதலை ஒன்று இரட்டைப்படைப் பக்கத்தில் இருந்தது. மனசே வரவில்லை, ஆனால் அதை விட்டுத்தான் ஆகவேண்டியிருந்தது.

பட்டியல் முடிந்ததும் புத்தகப் பக்கத்தின் அளவிலேயே ஒரு வெள்ளைத் தாள் எடுத்து, படங்கள் விழும் இடங்களைக் கட்டங்களாக வரைந்து, ஒவ்வொன்றிலும் பக்க எண் எழுதுங்கள். எது எதை மறைக்கும் என்று அப்போது தெரிந்துவிடும். மேலே இருப்பது சின்னதாகவும் ஓரமாகவும், கீழே இருப்பது பெரிதாகவும் நடுவிலும் இருந்தால் நல்லது. தெப்பக்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்படி வெளியே, அடுத்த படி கொஞ்சம் உள்ளே, கடைசியில் நடுவில் தண்ணீர். ஒவ்வொரு அடுக்கையும் மூன்று நான்கு மில்லிமீட்டர் உள்ளே தள்ளிக்கொண்டே போனால் வெளிச்சமும் அடிவரை இறங்கும், சுவரும் பலமாக நிற்கும். நேர்க்குத்தாகக் குடைந்தால் கிணறு மாதிரி இருண்டுவிடும்.

அட்டைச் சாளரமும் ஓரங்களும்

முன்னட்டையைத் திறந்து, அதன் அடியில் கட்டிங் மேட்டை வைத்து, சாளரத்தை வெட்டுங்கள். நான்கு பக்கமும் குறைந்தது 2.5 செ.மீ. சட்டம் விடவேண்டும். அட்டைக்குள் இருக்கும் தடித்த மில் போர்டை ஒரே இழுப்பில் வெட்ட நினைக்காதீர்கள். இரும்பு ஸ்கேலை வைத்து அதே கோட்டில் லேசாக எட்டுப் பத்து முறை இழுத்தால் தானே விட்டுக்கொடுக்கும். காலிகோ துணி ஓரத்தில் பிசிறு தட்டினால் விரல் நுனியில் துளி ஃபெவிகால் எடுத்துத் தடவுங்கள்.

இப்போது ஓரங்களை அடைக்கலாம். தாள் கட்டை மட்டும் இரண்டு பலகைக்கு நடுவே, மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து, சி கிளாம்பால் இறுக்குங்கள். மூன்று பங்கு ஃபெவிகாலுக்கு ஒரு பங்கு தண்ணீர். இதற்கு மேல் தண்ணீர் சேர்த்தால் கோந்து தாள்களுக்கு இடையே உள்ளே ஓடிவிடும். என் முதல் புத்தகம் அப்படித்தான் போனது. பாதிக்குப் பாதி ஊற்றினேன். காலையில் பார்த்தால் ஓரமெல்லாம் அலை அலையாக நெளிந்து, உள்ளே ஒரு விரல் ஆழம் வரை பலகையாக இறுகியிருந்தது. அருமையான செடி கொடிப் படங்கள் கொண்ட புத்தகம் அது, ஒரு படத்தைக்கூட மீட்க முடியவில்லை.

தூரிகையால் மூன்று ஓரங்களிலும் மெல்லிய பூச்சு. இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று, அப்புறம் மூன்றாவது. ஒரு இரவு முழுக்கக் கிளாம்பிலேயே இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாள் கூட ஆகும், அவசரப்படாதீர்கள். காய்ந்ததா என்று பார்க்க நகத்தால் ஓரத்தில் கீறுங்கள். தாள் சரசரக்காமல் அட்டையைக் கீறுவது போல 'கர்' என்று வந்தால் சரி. பிறகு பின்னட்டையைக் கடைசித் தாளோடு முழுக்க ஒட்டுங்கள். முன்னட்டைச் சட்டத்தை முதல் தாளின் ஓரத்தோடு ஒட்டி, மறுபடி ஒரு இரவு கனம் ஏற்றுங்கள். அம்மிக் குழவி இருந்தால் அதைவிட நல்ல கனம் கிடையாது.

செதுக்குதல்

உட்காரும் இடம் முக்கியம். விளக்கு தலைக்கு மேலே வேண்டாம், இடது பக்கம் தாழ்வாகச் சாய்ந்திருக்கட்டும். அப்போதுதான் அடுக்குகளின் நிழல் தெரியும். மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள்.

சாளரத்தின் நடுவில், தேவையில்லாத இடத்தில், முதல் தாளில் சின்னதாக ஒரு கீறல் போடுங்கள். சாமணத்தால் அந்த உதட்டைத் தூக்கி, எக்ஸ்ரே பிலிம் துண்டை உள்ளே நுழையுங்கள். இப்போது கத்திக்கு அடியில் ஒரே ஒரு தாள்தான் இருக்கிறது. அதில் விட்டுவைக்கவேண்டிய படம் எதுவும் இல்லையென்றால், சட்டத்தின் ஓரத்தை ஒட்டி வெட்டி எடுத்துவிடலாம். படம் வந்ததும் வேகம் குறையவேண்டும்.

கத்தியைப் பேனா போலப் பிடியுங்கள். அழுத்தம் வேண்டாம், பிளேடின் கூர் தன் வேலையைச் செய்துகொள்ளும். வளைவு வந்தால் கையைத் திருப்பாதீர்கள், புத்தகத்தைத் திருப்புங்கள். மூலை வந்தால் மூலையிலிருந்து தொடங்கி வெளியே இழுங்கள். மூலையை நோக்கி வெட்டினால் கத்தி எப்போதும் ஒரு மயிரிழை தாண்டிப் போய்விடும். ஒட்டகத்தின் கால் போன்ற மெல்லிய இடங்களில் முதலில் உள்ளே உள்ள இடைவெளியை எடுத்துவிட்டு, பிறகு வெளிக்கோட்டை வெட்டுங்கள். மாற்றிச் செய்தால் கால் துவண்டு மடங்கும்.

ஒவ்வொரு படமும் ஏதாவது ஒரு பக்கம் சட்டத்தோடு ஒட்டியிருக்கவேண்டும். நான் இதைப் பாலம் என்று சொல்வேன். ஒட்டகத்தின் கூனிலிருந்து ஓரம் வரை இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கீற்று விட்டிருக்கிறேன். அதில் பாதி வரி எழுத்தும் ஓடுகிறது, தனி அழகு. பாலமே விட முடியாத படம் என்றால், அதற்கு அடியில் உள்ள ஏழெட்டுத் தாள்களை அதே வடிவத்தில் கொஞ்சம் சிறிதாக விட்டு, தூண் போலத் தாங்கவைக்கலாம். ஊதுபத்திக் குச்சி நுனியில் கடுகளவு கோந்து எடுத்து ஒட்டிவிடுங்கள்.

பதினைந்து தாள் இறங்கியதும் நிறுத்தி, சுவர் ஓரங்களில் தாள்களுக்கு இடையே அதே குச்சியால் மெல்லிய கோந்துக் கோடு ஒன்று ஓடவிடுங்கள். ஓரத்துப் பூச்சு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் உள்ளே போயிருக்கும். சாளரத்துப் பக்கம் தாள்கள் இன்னும் அவிழ்ந்தேதான் இருக்கின்றன. இதைச் செய்யாவிட்டால் மழைக்காலத்தில் அடுக்குகள் விசிறி மாதிரி விரியும். கோந்து காய்வதற்கு அரை மணி நேரம் விடுங்கள், அன்றைய வேலையை அதோடு முடித்தாலும் நல்லது. எனக்கு ஒரு மாலைக்கு 15 தாள்தான் கணக்கு. படம் நெருக்கமாக வரும் இடத்தில் மூன்று தாள் ஆனாலே அதிகம்.

மேப்லித்தோவில் இருபது முப்பது தாளுக்கு ஒரு பிளேடு, ஆர்ட் பேப்பரில் பத்துக்கு ஒன்று மாற்றுகிறேன். தாள் வெட்டுப்படாமல் கூழாகக் கிழிந்தால் பிளேடு போய்விட்டது என்று அர்த்தம். மழுங்கிய பிளேடுதான் விரலையும் வெட்டும், ஏனென்றால் அதை அழுத்த ஆரம்பித்துவிடுவோம்.

தமிழ் எழுத்தை விட்டுவைக்கும்போது

படமே இல்லாத புத்தகத்தையும் செதுக்கலாம். சொற்களை மட்டும் விட்டுக்கொண்டே இறங்கவேண்டும். தீர்ப்புத் தொகுதி, அகராதி, கையேடு எல்லாம் இதற்கு உகந்தவை. போன ஆண்டு பத்திர எழுத்தர்களுக்கான பழைய தமிழ்க் கையேடு ஒன்றை இப்படிச் செய்தேன். புதுப் பதிப்புகள் கடையில் கிடைக்கின்றன என்பதால் மனசு ஒப்பியது. வெட்ட வெட்ட, "வடக்கே வாய்க்கால்", "மாவடை மரவடை", "நான்கெல்லைக்குள்" என்று துண்டு துண்டாக வரிகள் எழுந்து நின்றன. பத்திரத்தில் வாசித்தால் கண் தாண்டிப் போகும் சொற்கள், குழியின் விளிம்பில் தனியாக நிற்கும்போது வேறு மாதிரி ஒலிக்கின்றன.

தமிழ் எழுத்தை வெட்டுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆங்கிலத்தில் எழுத்தின் தலையை ஒட்டி வெட்டினாலும் பெரும்பாலும் வாசித்துவிடலாம். தமிழில் புள்ளி தலைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. அதைச் சீவிவிட்டால் 'கண்' 'கண' ஆகிவிடும், 'மண்' 'மண' ஆகிவிடும், 'கல்' 'கல' ஆகிவிடும். எழுத்துக்கு மேலே குறைந்தது ஒன்றரை மில்லிமீட்டர் விடுங்கள். கீழே 'ழு', 'ரு' போன்றவற்றின் சுழிக்கும் அதே அளவு. சொல்லின் கடைசியில் கால் இருந்தால் அதையும் மறக்காதீர்கள், கால் போனால் 'நிலா' 'நில' என்று நின்றுவிடும். வரிகள் நெருக்கமாக அச்சான புத்தகத்தில் மேல்வரியின் சுழிகள் கொஞ்சம் கூடவே வரும். அவற்றைச் சுரண்டி எடுக்க முயலாதீர்கள், பக்கத்து வரியின் நிழல் போல அவை இருப்பதே நன்றாக இருக்கிறது.

ஒரே வரியில் நீளமாக விடுவதைவிட, ஒரு தாளுக்கு இரண்டு மூன்று சொல் போதும். நம் சொற்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நீளமானவை. அதனால் கீற்று நடுவில் தொய்யும். ஐந்து செ.மீ.க்கு மேல் போனால் அடியில் ஒரு தாங்கல் வையுங்கள்.

கிழிந்தால்

கிழியும். பதற வேண்டாம். மெல்லிய டிஷ்யூ தாளைக் கையால் பிய்த்து (கத்தரித்தால் ஓரம் கோடாகத் தெரியும்), மைதாப் பசை தொட்டு, அடிப்பக்கமாக ஒட்டுங்கள். பைண்டிங் கடைக்காரர்கள் மைதாப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் சேர்ப்பார்கள், பூச்சி வராது. அது விஷம் என்பதால் சமையல் பாத்திரத்தில் காய்ச்சாதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். இதற்கு ஃபெவிகாலும் போதும், ஆனால் காய்ந்தபின் அந்த இடம் லேசாக மினுங்கும். செலோடேப் மட்டும் கூடவே கூடாது. ஐந்தாறு வருடத்தில் மஞ்சளித்து, கோந்து கசிந்து, பக்கத்துத் தாளையும் கெடுத்துவிடும்.

ஒரு படத்தின் தலையே போய்விட்டால், அந்தப் படத்தை முழுக்க எடுத்துவிட்டு அடுத்த அடுக்குக்கு இறங்குங்கள். ஒட்டுப்போட்ட தலை எப்போதும் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

எங்கே நிறுத்துவது, எப்படிப் பாதுகாப்பது

அடிவரை குடையவேண்டியதில்லை. கடைசி 40, 50 தாள்களைத் தொடாமல் தளமாக விடுங்கள், புத்தகம் நெளியாமல் நிற்கும். அந்தத் தளத்தின் மேல்தாளில் ஒரு நல்ல முழுப்படமோ வரைபடமோ வருமாறு முன்பே திட்டமிட்டிருந்தால் இன்னும் சிறப்பு.

முடிந்ததும் கேமரா ஊதியால் தூளை வெளியேற்றி, தூரிகையால் மெல்லத் துடையுங்கள். வார்னிஷ் ஸ்ப்ரே அடிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை. தாளின் சொரசொரப்பு போய் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடுகிறது. அடித்தே ஆகவேண்டும் என்றால் மேட் வகை வாங்கி, மொட்டை மாடியில் வைத்து, ஒரு முழம் தள்ளி நின்று, மெல்லியதாக இரண்டு முறை அடியுங்கள்.

வார்னிஷைவிட முக்கியம் பெட்டி. ஃபிரேம் கடையில் 7, 8 செ.மீ. ஆழமுள்ள கண்ணாடிப் பெட்டியாகச் செய்யச் சொல்லுங்கள். உள்ளே ஒரு மூலையில் வசம்புத் துண்டும், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் போடுங்கள். ஏட்டுச் சுவடிகளுக்கு வசம்பு வைத்துத்தான் பூச்சியை விரட்டினார்கள், நம் ஊர்ப் பூச்சிகளுக்கு அது இன்றும் பிடிக்கவில்லை. வெயில் நேராக விழும் சுவரில் மாட்டாதீர்கள். மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருள் வெளிச்சம் பட்டால் பழுப்பாகிவிடும், அதைத் திருப்ப வழியில்லை. சமையலறைச் சுவரும், மழையில் ஓதம் ஏறும் சுவரும் வேண்டாம்.

குழந்தைகளோடு செய்வதானால் கத்தியே வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் ஒரே அளவில் மடித்துக்கொண்டே போனால் புத்தகம் குடுவை மாதிரியோ முள்ளம்பன்றி மாதிரியோ எழுந்து நிற்கும். பழைய டைரி போதும், ஒரு மாலையில் முடிந்துவிடும்.

கடைசியாக, நான் தவறாமல் செய்யும் ஒரு வேலை. அஞ்சலட்டை அளவில் ஒரு கெட்டித் தாளில் அந்தப் புத்தகத்தின் முழுப் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பதிப்பாண்டு, மொத்தப் பக்கம், எங்கே கிடைத்தது, எந்த மாதம் வெட்டத் தொடங்கினேன் என்பதையெல்லாம் எழுதிப் பின்னட்டையில் ஒட்டிவிடுவேன். முதல் பக்கத்தில் யாராவது பேனாவால் பெயர் எழுதியிருந்தால் அந்தத் துண்டைச் சிதைக்காமல் எடுத்து, ஒரு சின்ன உறையில் போட்டு அதற்குப் பக்கத்திலேயே வைப்பேன். இந்த ஒட்டகத் தொகுதியின் முதல் பக்கத்தில் ஊதா மையில், கோணல்மாணலான பள்ளிக்கூடக் கையெழுத்தில், ஒரு பெண்ணின் பெயரும் 'ஆறாம் வகுப்பு' என்ற சொல்லும் இருந்தன. கத்தி அந்தத் தாளுக்கு வருவதற்கு முன்பே அதை எடுத்து உறையில் போட்டுவிட்டேன்.